இருபதில் இரத்தக் கொதிப்பு!

ஆஸ்திரேலிய நாட்டு டாக்டர்களின் கையில் ஒரு வழிகாட்டிக் குறிப்பு இருக்கிறது. 2023ஆம் ஆண்டு வெளியானது. ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய ஆபத்து எவ்வளவு என்று எந்த வயதிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. பொதுவாக 45 வயது முதல் என்கிறது. நீரிழிவு உள்ளவராயின் 35 முதல். அந்த மண்ணின் ஆதிக்குடியாக இருந்தாலோ 30 முதல்! அதற்கும் முன்னதாக, 18 வயதிலிருந்தே இரத்தக் கொதிப்பு உள்ளதா, சர்க்கரை உள்ளதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவர வேண்டும் என்கிறது.

ஒரே நாடு. ஒரே கொடி. ஒரே பாராளுமன்றம். ஆனால் வயதுக் கணக்கு மட்டும் இரண்டு!

இதற்காக டாக்டர்களை நாம் குறை கூறவில்லை. உள்ளதை உள்ளபடி கண்டு, உயிரைக் காக்க வேண்டும் என்ற நோக்கில் எழுதப்பட்ட குறிப்பு அது. முன்பு 35 என்று இருந்ததை 2020இல் 30ஆக இறக்கினார்கள். முப்பதை எட்டுமுன்பே நெஞ்சுநோய்க்கு ஆளாகக் கூடியவர்கள் ஆதிக்குடிகளிடையே இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டியதால் இறக்கினார்கள். நாம் கேட்பது வேறு. பதினைந்து ஆண்டு முந்திக்கொண்டு ஒரு சமுதாயத்தின் வாலிபர்களை மட்டும் மரணம் தேடி வருகிறதே, அதற்கு வழி காட்டியது யார்?

இரத்தக் கொதிப்பு வயதானவர்களின் வியாதி என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். வீட்டில் பெரியவர் கோபப்பட்டால், "பிரஷர் ஏறிவிடும், சும்மா இருங்கள்" என்று அடக்குவார்கள். இருபது வயது இளைஞனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இருக்கக் கூடாது. மேல் எண் 140, கீழ் எண் 90. இதை எட்டினாலே கொதிப்பு என்பது நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல். இந்த நோய்க்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, கட்டி கிடையாது. ஓசைப்படாமல் இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும். அறுபதில் தொடங்கினால் அரிப்பதற்குக் கிடைப்பது சில ஆண்டுகள். இருபதில் தொடங்கினால்? நாற்பதுக்குள் வேலை முடிந்துவிடும்!

2012-13ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை ஆதிக்குடிகளிடையே பெரியதொரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்தியது. கருவி வைத்து அளந்தே பார்த்தார்கள். வயது வந்தோரில் ஐவரில் ஒருவருக்குக் கொதிப்பு இருந்தது. அப்படி இருந்தவர்களில் நூற்றுக்கு 79 பேருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. வெள்ளையரிலும் தெரியாதவர்கள் ஏராளம்தானே என்று யாராவது கேட்கலாம். உண்மை, ஏராளம்தான். ஆனால் ஐம்பத்தைந்தில் தெரியாமல் இருப்பதும் இருபத்திரண்டில் தெரியாமல் இருப்பதும் ஒன்றாகிவிடுமா?

அந்நாட்டு ஆதிக்குடிகளில் மருத்துவத் துறையில் முதன்முதலாக ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற டாக்டர் சாண்ட்ரா ஈட்ஸ் அம்மையார் முன்னின்று, 10 வயது முதல் 24 வயது வரையுள்ள ஆதிக்குடி இளையோரைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். நியூ சவுத் வேல்ஸ், மேற்கு ஆஸ்திரேலியா, நடு ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் நடந்த ஆய்வு. அதிலும் கண்டது இதுதான்: பள்ளியை விட்டு வெளியே வந்திருக்கும் வயதிலேயே கணிசமானோருக்கு இரத்த அழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே நிற்கிறது.

2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அங்கே ஆதிக்குடிகளும் டாரஸ் நீரிணைத் தீவினருமாகச் சேர்ந்து 9,83,700 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு. அவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர். இளைய சமுதாயம்! அந்த இளமைதான் இப்படி அரிக்கப்படுகிறது. 2020-22 கணக்குப்படி ஆதிக்குடி ஆணுக்குக் கிடைக்கும் ஆயுள் மற்ற ஆண்களுக்குக் கிடைப்பதைவிட 8.8 ஆண்டு குறைவு, பெண்ணுக்கு 8.1 ஆண்டு குறைவு.

"அது அவர்கள் இரத்தத்திலேயே உள்ளது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எல்லா நாட்டிலும் ஆதிக்கக்காரர்களுக்குப் பிடித்தமான விளக்கம் இது. பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு யார் மீதும் விழாது பாருங்கள்! இந்த வாதத்தை முறியடிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1988இல் 32 நாடுகளில் உப்பையும் இரத்த அழுத்தத்தையும் இணைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. இன்டர்சால்ட் என்று பெயர். பிரேசில் நாட்டுக் காட்டில் வாழும் யனோமாமி மக்களையும் அதில் அளந்தார்கள். மேல் எண் நூறைக்கூட எட்டவில்லை. வயது ஏற ஏறக் கொதிப்பும் ஏறுகிற வழக்கமே அவர்களிடம் இல்லை. உப்பு என்பதையே அறியாத உணவு, உழைத்து வாழும் உடல். அவர்களும் ஆதிக்குடிகள்தாம். ஆகவே ஆதிக்குடியாகப் பிறந்ததாலேயே கொதிப்பு வருகிறது என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடுகிறது.

பிறகு எங்கிருந்து வந்தது?

வரலாற்றைப் புரட்டினால் மாவு மூட்டையிலிருந்து வந்தது தெரியும். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கண்டத்தில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்கள் அவர்கள். 1788இல் வெள்ளையர் கப்பல் வந்து இறங்கியது. நிலம் பறிபோயிற்று, நீர்நிலை பறிபோயிற்று. ஆடும் மாடும் மேய்ந்த இடத்தில் கிழங்கு ஏது? நிலத்தை இழந்தவர்களைப் பாதிரிமார் குடியிருப்புகளிலும் கால்நடைப் பண்ணைகளிலும் கொண்டுவந்து அடைத்தார்கள். வேலைக்குக் கூலி கிடையாது, இருந்தால் அற்பம். கூலிக்குப் பதில் படி அளந்தார்கள். என்ன படி? வெள்ளை மாவு, சீனி, தேயிலை, புகையிலை! தலைமுறை தலைமுறையாக இந்த நாலும்தான். கொதிப்பையும் நீரிழிவையும் பயிரிட வேண்டும் என்று ஒருவன் திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடச் சிறந்த விதை கிடைத்திருக்காது.

அற்பக் கூலியையும் அதிகாரிகளே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது தனிக் கதை. குவீன்ஸ்லாந்தில் அப்படிப் பிடித்து வைத்த கூலிக்காகத் தொழிலாளரும் அவர்தம் வாரிசுகளும் வழக்காடி, 2019இல் 190 மில்லியன் டாலருக்கு அந்த மாநில அரசு இணங்கி வந்தது. உழைத்தவர்களில் எத்தனையோ பேர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

1966 ஆகஸ்டில் வேவ் ஹில் என்னும் கால்நடைப் பண்ணையில் குரிந்திஜி மக்கள் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமல்ல, "எங்கள் நிலத்தைக் கொடு" என்று கேட்டார்கள். ஒன்பது ஆண்டு அசையவில்லை. 1975இல் பிரதமர் விட்லம் அங்கே போய் ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையில் போட்டார். வீரமான வரலாறு. அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சமகூலி கொடுத்தாக வேண்டும் என்ற தீர்ப்பு 1968 டிசம்பரில் அமலுக்கு வந்ததும், பண்ணை முதலாளிகள் பலர் ஆதிக்குடித் தொழிலாளரைக் குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். அவர்கள் ஊர் ஓரங்களில் வந்து குவிந்தார்கள். கடைச் சாமானும் நெருக்கடியான வீடும் சர்க்கார் உதவித் தொகையுமே வாழ்க்கையாயிற்று.

நெருக்கடியான வீடு என்றோமே, அது கொதிப்பு வரும் வழிகளில் ஒன்று. ஓர் அறையில் பலர் படுத்து எழும்போது சிரங்கு பரவும். சிரங்குப் புண்ணில் ஒரு கிருமி புகும். அந்தக் கிருமி தோலோடு நிற்பதில்லை. உடல் அதை எதிர்த்துப் போராடும்போது குழந்தையின் சிறுநீரகம் வீங்கிப் புண்படுகிறது. குழந்தை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அப்படி ஒரு முறை அடிபட்ட சிறுநீரகம் பெரியவனானபின் பழுதாகும் வாய்ப்பு அதிகம் என்று வட ஆஸ்திரேலியக் குடியிருப்பு ஒன்றில் நடந்த ஆராய்ச்சி 2001இல் காட்டியது. சிறுநீரகம் பழுதானால் கொதிப்பு ஏறும்; கொதிப்பு ஏறினால் சிறுநீரகம் மேலும் பழுதாகும். செக்கு மாடு சுற்றுவது போன்ற சுற்று. குழாய்த் தண்ணீரும் கூடுதலாக இரண்டு அறைகளும் தடுத்திருக்கக் கூடிய நோய் அது!

இன்னும் பின்னோக்கிப் போகலாம், தாய் வயிற்றுக்கே. மனிதனின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகள் இலட்சக்கணக்கில் உள்ளன, நெப்ரான் என்பார்கள். இவை பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன. பிறந்த பின் ஒன்றுகூடப் புதிதாக முளைப்பதில்லை. தாய் பட்டினி கிடந்தால், புகைத்தால், நோயில் வாடினால், குழந்தை எடை குறைந்து பிறக்கும். எடை குறைந்த குழந்தைக்கு இந்த வடிகட்டிகளும் குறையும். உள்ள சிலவே எல்லா வேலையையும் செய்ய வேண்டியதால் அவை பருத்து, களைத்து, சீக்கிரம் கெடுகின்றன. டாக்டர் வெண்டி ஹோய் என்ற அம்மையாரும் அவரது குழுவினரும் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்து 2006இல் எழுதினார்கள்: ஆதிக்குடிகளின் சிறுநீரகத்தில் வடிகட்டிகள் மற்றவர்களைவிட நூற்றுக்கு 30 குறைவு. கொதிப்பு இருந்தவர்களிடம் அந்த எண்ணிக்கை இன்னும் தாழ்வு.

"பார்த்தீர்களா, பிறவியிலேயே குறை!" என்று முன்னே சொன்னவர்கள் இங்கேயும் கைதட்டக் கூடும். பிறவியில்தான். ஆனால் அது தாயின் தட்டில் சோறில்லாமையால் வந்த பிறவிக் குறை.

டார்வின் நகர மருத்துவமனையில் 1987க்கும் 1990க்கும் இடையே பிறந்த 686 ஆதிக்குடிக் குழந்தைகளைப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் சிறுவராகி, வாலிபராகி, பெற்றோராகும் வரை தேடித் தேடிப் போய்ச் சோதித்து வருகிறது ஓர் ஆய்வு. தொடங்கியவர் டாக்டர் சூசன் சேயர்ஸ். காடும் கடலும் பாலைவனமும் தாண்டிச் சென்று தேட வேண்டிய வேலை. ஒரு மனிதனின் நோய் எந்த வயதில் எங்கே வேர் விடுகிறது என்பதை அறிய இத்தகைய பொறுமையான உழைப்புத்தான் வேண்டும். இதை நாம் வாயாரப் பாராட்டுகிறோம். குழந்தைகள் சரியான எடையோடு பிறப்பதை நூற்றுக்கு 91 ஆக உயர்த்துவோம் என்று அரசாங்கமும் 2031க்கு இலக்கு வைத்திருக்கிறது. 2017இல் அது 88.8. தூரம் சிறியதாகத் தெரியும். ஆனால் அந்தச் சிறு தூரத்துக்குள் ஆண்டுதோறும் சில நூறு குழந்தைகளின் சிறுநீரகங்கள் அடங்கியிருக்கின்றன.

உணவுக்கு வருவோம். "நல்ல உணவைத் தின்னச் சொல்லுங்கள், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று உபதேசம் செய்வது எளிது. தொலைதூரக் குடியிருப்பில் ஒரே ஒரு கடை. நூற்றுக்கணக்கான மைல் லாரியில் வரும் காய்கறி. மழைக்காலத்தில் சாலை மூடிவிட்டால் அதுவும் வராது. வந்தால் விலை நகரத்தைவிட அதிகம். வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும். வாடாதது எது? வெள்ளை ரொட்டி, டப்பா இறைச்சி, சோடாப் பானம். வட ஆஸ்திரேலியாவில் மூன்று குடியிருப்புகளின் கடைக் கணக்கை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மக்களுக்குக் கிடைக்கும் சக்தியில் கால் பங்குக்கு மேல் சேர்க்கப்பட்ட சீனியிலிருந்தே வருவதாகக் கூறிற்று. பழைய படி மூட்டையை அவிழ்த்துக் கடை அலமாரியில் அடுக்கி வைத்ததுபோல் இல்லையா?

2007 ஜூனில் பிரதமர் ஹோவர்டின் அரசாங்கம் வட பிராந்தியத்துக்குப் பட்டாளத்தையே அனுப்பியது. குழந்தைகளைக் காப்பாற்றப் போகிறோம் என்றார்கள். ஆதிக்குடிகளின் உதவித் தொகையில் பாதியைப் பிடித்து வைத்து, குறிப்பிட்ட கடையில் குறிப்பிட்ட சாமான் வாங்க மட்டும் அதைச் செலவழிக்கலாம் என்று அட்டை கொடுத்தார்கள். பணப்பையைச் சர்க்கார் பிடித்துக்கொண்டால் மக்கள் நல்லதைத் தின்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். நடந்தது என்ன? பத்துக் கடைகளின் விற்பனைக் கணக்கைப் பார்த்து ஆராய்ச்சியாளர்கள் 2010இல் எழுதினார்கள்: காய்கனி விற்பனை கூடவில்லை, புகையிலையும் குறையவில்லை, சோடாவும் குறையவில்லை.

இதோடு இன்னொன்றை வைத்துப் பாருங்கள். அதே பிராந்தியத்தில் 20 குடியிருப்புகளில் காய், கனி, தண்ணீர் ஆகியவற்றின் விலையை நூற்றுக்கு 20 குறைத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. காய்கனி வாங்குவது நூற்றுக்கு 12.7 கூடிற்று! அட்டையும் பட்டாளமும் அசைக்க முடியாததை விலைக் குறைப்பு அசைத்தது. மக்களுக்கு அறிவில்லை என்று நினைத்தவர்கள் தோற்றார்கள். மக்களிடம் காசில்லை என்று புரிந்துகொண்டவர்கள் கொஞ்சமாவது வென்றார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமர் அல்பனீஸ், தொலைதூரக் கடைகள் எழுபத்தாறில் இன்றியமையாத 30 பொருள்களை நகர விலைக்கே கிடைக்கச் செய்வோம் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். பதினெட்டு ஆண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

உடம்பு பழைய வாழ்க்கைக்குத் திரும்பினால் நோயும் திரும்பிப் போகுமா? அதையும் ஒருவர் சோதித்தார். 1982இல் டெர்பி என்ற ஊருக்கு அருகே, நீரிழிவு கொண்ட 10 ஆதிக்குடிகள் ஏழு வாரம் தங்கள் முன்னோர் நிலத்துக்கே போய் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்தார்கள். கெரின் ஓடே என்ற ஆராய்ச்சியாளர் கூடவே சென்றார். சராசரி எட்டுக் கிலோ எடை இறங்கிற்று. சர்க்கரை வியக்கத்தக்க அளவு சீரடைந்தது. எல்லோரும் காட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை நாம். ஆனால் யுட்டோப்பியா என்ற இடத்தில், மக்கள் தங்கள் நிலத்தில் சிறு சிறு குடியிருப்புகளாகப் பரவி வாழ்ந்து, வைத்திய நிலையத்தையும் தாங்களே நடத்தினார்கள். 1995 முதல் பத்தாண்டு கவனித்ததில், வட பிராந்தியத்தின் மற்ற ஆதிக்குடிகளைவிட அங்கே சாவு குறைவு. நிலம் கையில் இருப்பது உடல்நலத்துக்கும் மருந்து என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

இப்போது திவி தீவுகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். நம்மை மிகவும் உறுத்தும் கதை அதுதான்.

டார்வினுக்கு வடக்கே கடலில் இரண்டு தீவுகள். இரண்டாயிரத்துச் சொச்சம் மக்கள். சிறுநீரக நோயில் உலகிலேயே மோசமான இடங்களுள் ஒன்று என்று பெயர் வாங்கிய இடம். முன்னே சொன்ன வெண்டி ஹோய் அம்மையார் 1995 நவம்பரில் அங்கே ஒரு சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கினார். பெரிய மாளிகை கட்டவில்லை. அதிசயக் கருவி கொண்டுவரவில்லை. வீடு வீடாகச் சோதித்து, கொதிப்போ சிறுநீரகக் கேடோ உள்ளவர்களைக் கண்டுபிடித்து, பெரிண்டோபிரில் என்ற சாதாரண மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்து, மீண்டும் மீண்டும் போய் அளந்து பார்த்தார்கள். அவ்வளவுதான். உள்ளூர் ஆதிக்குடி சுகாதார ஊழியர்களே தூண்களாக நின்றார்கள். சில ஆண்டில் என்ன ஆயிற்று தெரியுமா? சிகிச்சை பெற்றவர்களிடையே நோயால் வரும் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது! சிறுநீரகம் முற்றும் செயலிழப்பதும் அதுபோலவே குறைந்தது. 2000ஆம் ஆண்டில் மருத்துவ ஏடுகளில் வெளியாயிற்று.

நாடு முழுவதும் மறுநாளே இதைப் பரப்பியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஆராய்ச்சிக்கென்று வந்த பணம் தீர்ந்தது. திட்டம் உள்ளூர்ச் சுகாதாரக் குழுவின் தலையில் வைக்கப்பட்டது. பொறுப்பு வந்தது, அதற்கு வேண்டிய பணமும் ஆளும் வரவில்லை. திட்டம் சுருங்கிற்று. 2005இல் அதே ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று: இரத்த அழுத்தம் மீண்டும் ஏறிவிட்டது, மரணமும் ஏறிவிட்டது என்று.

மருந்து தோற்கவில்லை, மக்கள் மறுக்கவில்லை, கணக்கப்பிள்ளை பேனாவை மூடிவிட்டார்!

மருந்து இலவசம்தானே என்பார்கள். ஆம், தொலைதூர ஆதிக்குடி வைத்திய நிலையங்களில் 1999 முதல் இலவசம். மற்ற இடங்களிலும் 2010 ஜூலை முதல் விலைச் சலுகை உண்டு. நல்ல ஏற்பாடுகள். ஆனால் மாத்திரை தானாக நடந்து வாய்க்குள் போகுமா? கொடுக்கிற நர்சு யார்? வட பிராந்தியத்துத் தொலைதூர நிலையங்களில் 2013 முதல் 2015 வரை பார்த்த ஆய்வொன்று, நர்சுகளின் இடமாற்றம் ஓராண்டில் நூற்றுக்கு 148 என்று காட்டியது. அதாவது ஒரு நாற்காலியில் ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர் வந்து உட்கார்ந்து எழுந்து போய்விடுகிறார். பத்தொன்பது வயதுப் பிள்ளை, உடம்பில் ஒரு வலியும் இல்லாதவன், வாழ்நாள் முழுதும் மாத்திரை விழுங்கு என்று இன்று வந்து நாளை போகும் ஒருவர் சொன்னால் கேட்பானா? நம் வீட்டுப் பிள்ளை கேட்பானா? அவன் மொழி தெரிந்த, அவன் தாத்தாவைத் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். 1971இல் சிட்னி ரெட்பெர்னில் ஆதிக்குடிகள் தாங்களே ஒரு வைத்திய நிலையத்தைத் தொடங்கினார்களே, அதன் காரணமே இதுதான். இன்று அப்படிப்பட்ட நிலையங்கள் நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கின்றன.

கொதிப்பைக் கவனிக்காமல் விட்டால் முடிவு எங்கே? இயந்திரத்தில். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் பல மணி நேரம், இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடும் இயந்திரம். ஆதிக்குடிகள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் தடவைகளில் ஏறத்தாழ பாதி இதற்காகவே. பாலைவனத்து மக்கள் இதற்காக ஊரை விட்டு, பேரப்பிள்ளைகளை விட்டு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வந்து கிடக்க வேண்டியிருந்தது. கின்டோர் என்ற ஊர் அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். "எங்கள் ஊரிலேயே இயந்திரம் வையுங்கள்" என்று கேட்டார்கள். செலவு, ஆள் இல்லை, முடியாது என்ற பதில்தான் வந்தது.

அந்த மக்கள் என்ன செய்தார்கள்? கின்டோர், கிவிர்க்குரா ஊர்களின் ஓவியர்கள் கூடி உட்கார்ந்து பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். 2000 நவம்பரில் சிட்னிக் கலைக்கூடத்தில் ஏலம் விட்டார்கள். பத்து இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் கின்டோரில் 2004இல் இயந்திரம் ஓடத் தொடங்கிற்று. தொலைதூர ஊர்களில் நர்சு துணையோடு நடக்கும் இந்தச் சிகிச்சைக்கென்று சர்க்காரின் மெடிகேர் திட்டம் பணம் கொடுக்க முன்வந்தது 2018 நவம்பரில். நோயாளிகள் படம் வரைந்து விற்று வைத்தியம் தேடிக்கொண்ட நாடு, உலகின் பணக்கார நாடுகள் வரிசையில் இருக்கிறது!

உலகமெங்கும் புகழ்பெற்ற யோத்து இந்தி இசைக்குழுவின் தலைமைப் பாடகர் 2013 ஜூனில் சிறுநீரக நோயால் மாண்டார். வயது 56. (இறந்தவர் பெயரைச் சொல்லாமல் இருப்பது அவர்களில் பலரது மரபு, நாமும் அதை மதித்து இங்கே எழுதவில்லை.) நாடே கொண்டாடிய கலைஞருக்கே இதுதான் முடிவு என்றால், பெயர் தெரியாத மாட்டுப் பண்ணைத் தொழிலாளியின் மகனுக்கு எது காத்திருக்கும்?

அரசியலைத் தொடாமல் இதைப் பேசி முடிக்க முடியாது. 1901இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், மக்கள்தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளை எண்ணலாகாது என்றே சொல்லிற்று. 1967 மே 27இல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் வாக்களித்து அந்தப் பிரிவை நீக்கினார்கள். 2008 பிப்ரவரியில், தாயிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தலைமுறைகளிடம் பிரதமர் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆயுள் இடைவெளியை ஒரு தலைமுறைக்குள் மூடுவோம் என்றார்கள். 2020 ஜூலையில் ஆதிக்குடி அமைப்புகளோடு சேர்ந்து புதிய ஒப்பந்தம் எழுதினார்கள்: முடிவுகளை இனிச் சேர்ந்தே எடுப்போம் என்று. 2023 அக்டோபர் 14இல், பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஆதிக்குடிகளுக்கு ஓர் அமைப்பு வேண்டுமா என்று மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள்; ஆறு மாநிலமும் வேண்டாம் என்றது. 2024 பிப்ரவரியில் அரசாங்கத்தின் சொந்தக் கமிஷனே, 2020 ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கைச் சர்க்கார்கள் செயலில் காட்டவில்லை என்று அறிக்கை தந்தது.

இதில் லிபரல் கட்சி, தொழிற்கட்சி என்று பிரித்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. ஒருவர் பட்டாளம் அனுப்பினார். மற்றவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு மேல்தான், ஐயமில்லை. ஆனால் கொதிப்பை அளக்கும் கருவிக்கு உரைகள் கேட்பதில்லை.

வாக்கெடுப்பில் தோற்றதைக் காட்டி, "மக்கள் தீர்ப்புக் கூறிவிட்டார்கள், எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது" என்று பேசுகிறவர்களுக்கு நாம் கூறுவது இதுதான். திவி தீவில் 1995இல் செய்த வேலைக்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்படவில்லை. பதினெட்டு வயதானவனைக் கூப்பிட்டு அளக்க, உள்ளூர்ப் பெண்ணை ஊழியராகப் பயிற்றி நிரந்தரச் சம்பளம் கொடுக்க, வீட்டில் இரண்டு அறை கூட்ட, காய்கறி விலையைத் தாழ்த்த யாரிடமும் வாக்குக் கேட்க வேண்டியதில்லை. 2025 மே மாதத் தேர்தலில் பெரும்பான்மையோடு திரும்பி வந்திருக்கிறது அல்பனீஸ் அரசாங்கம். ஆதிக்குடிகளின் வைத்திய நிலையங்களுக்கு வேண்டியது நீண்ட காலம் நிலைத்து வரும் பணம். ஆராய்ச்சி முடிந்ததும் மூடிவிடாத திட்டம். அது வரவு செலவுத் திட்டத்தில் வருகிறதா என்று பார்ப்போம்.